சாப்பிட்ட கையோடு உட்காராதீர்கள்

"எடையைக் குறைங்க, நடங்க, இனிப்பைக் குறைங்க." ரத்தப் பரிசோதனைத் தாளைப் பார்த்தபடி மருத்துவர் சொல்வது பெரும்பாலும் இவ்வளவுதான். வெளியே இன்னும் முப்பது பேர் எண் எடுத்துக் காத்திருக்கும்போது அவரும் வேறென்ன செய்வார், பாவம். கேட்டுவிட்டு வெளியே வரும் நம் ஆட்களுக்கு என்ன செய்ய வேண்டும் என்பது தெரியும். எங்கே, எந்த நேரத்தில், எதில் தொடங்கி என்பதுதான் தெரியாது. அதனால் முதல் வாரம் ஆவேசமாக எல்லாவற்றையும் ஒரே மூச்சில் செய்து, இரண்டாவது வாரம் கால் வலி, மூன்றாவது வாரம் உறவினர் வீட்டுக் கல்யாணம், அப்புறம் எதுவுமே இல்லை என்று ஆகி, "எனக்கு மன உறுதி பத்தாது" என்று தங்களையே குறை சொல்லிக்கொள்கிறார்கள். அப்படிக் குறை சொல்லிக்கொள்ளத் தேவையே இல்லை என்பதற்காகத்தான் இதை எழுதுகிறேன். பினாங்கில் இருக்கும் நம்மவர்களை மனத்தில் வைத்து எழுதுகிறேன், கோலாலம்பூர்க்காரர்களுக்கும் பெரும்பகுதி பொருந்தும்.

முதலில் நிலவரம். சுகாதார அமைச்சு 2019இல் எடுத்த தேசியக் கணக்கெடுப்பின்படி மலேசியப் பெரியவர்களில் 18.3 விழுக்காட்டினருக்கு இனிப்புநீர், அதாவது சர்க்கரை நோய். இந்தியர்களை மட்டும் தனியாக எடுத்துப் பார்த்தால் 31.4 விழுக்காடு, எல்லா இனத்தாரிலும் அதிகம். இதில் இன்னொரு கவலை, நோய் இருந்தவர்களில் ஏறக்குறைய பாதிப் பேருக்கு அது இருப்பதே அதுவரை தெரியாது. 2023 கணக்கெடுப்பில் நாட்டின் மொத்த அளவு 15.6 விழுக்காட்டுக்கு இறங்கியது, நல்ல செய்திதான், ஆனால் அதே கணக்கெடுப்பில் அதிக எடையும் உடல் பருமனும் உள்ளவர்கள் 54.4 விழுக்காடாக ஏறியிருந்தார்கள்.

நமக்கு மட்டும் ஏன் இவ்வளவு என்றால், இரண்டு காரணங்கள் பின்னிக் கிடக்கின்றன. ஒன்று உடல்வாகு. அதே எடையுள்ள ஐரோப்பியரோடு ஒப்பிட்டால் தெற்காசியர்களுக்குத் தசை குறைவு, வயிற்றுக்குள்ளும் ஈரலிலும் சேரும் கொழுப்பு அதிகம். கை கால் ஒல்லி, முன்னால் மட்டும் தொப்பை என்ற உருவத்தை நம் குடும்பப் படங்களில் எத்தனை பேரிடம் பார்க்கிறோம்! "அவர் ஒல்லியாச்சே, அவருக்கு எப்படி இனிப்புநீர்" என்று எல்லாரும் ஆச்சரியப்படுவது இவர்களைப் பார்த்துத்தான். உலகச் சுகாதார நிறுவனத்தின் நிபுணர் குழு 2004இல் ஆசியர்களுக்கென்று தனி எல்லை சொன்னதும் இதனால்தான்: உடல் நிறைக் குறியீடு (கிலோவில் எடையை, மீட்டரில் உயரத்தின் வர்க்கத்தால் வகுத்தால் வருவது) 23ஐத் தொட்டாலே அபாயம் கூடத் தொடங்குகிறது, 27.5ஐத் தொட்டால் அபாயம் அதிகம். பொதுவாகச் சொல்லப்படும் எல்லைகள் 25, 30. கணக்குப் போடச் சோம்பலாக இருந்தால் தையல் நாடாவை எடுங்கள். கடைசி விலா எலும்புக்கும் இடுப்பு எலும்புக்கும் நடுவில், வயிற்றை உள்ளே இழுத்துப் பிடிக்காமல், மூச்சை விட்டுவிட்டு அளங்கள். ஆண்களுக்கு 90 சென்டிமீட்டர், பெண்களுக்கு 80, அதைத் தாண்டினால் கவனிக்க வேண்டும். எடைக் கருவியைவிட எனக்கு இந்த நாடாவின் மேல்தான் நம்பிக்கை.

இரண்டாவது காரணம் வேலை. நம் தாத்தா பாட்டிகளில் பலர் தோட்டத்தில் ரப்பர் மரம் சீவியவர்கள். விடியுமுன்னே பெரட்டுக்கு, அதாவது ஆள் கணக்கெடுப்புக்கு, போய் நின்று, நூற்றுக்கணக்கான மரங்களைச் சுற்றி வந்து, பால் வாளியைக் காண்டாத் தடியில் தோளில் தூக்கிக்கொண்டு ஸ்டோருக்கு நடந்தவர்கள். அவர்கள் சாப்பிட்ட சோறு அவர்கள் உடம்பில் தங்க நேரமே இருக்கவில்லை. பேரப்பிள்ளைகள் பாயான் லெப்பாஸ் தொழிற்சாலையில் இயந்திரத்தின் முன் நிற்கிறார்கள், அலுவலகத்தில் கணினி முன் உட்கார்கிறார்கள், இல்லாவிட்டால் பன்னிரண்டு மணி நேரம் கிராப் ஓட்டுகிறார்கள். வேலை மாறியது, தட்டு மாறவில்லை. உட்கார்ந்த வேலை என்ன செய்யும் என்பதை லண்டனில் ஜெரமி மோரிஸ் என்ற மருத்துவர் 1953லேயே காட்டினார். இரட்டை மாடிப் பேருந்தில் நாள் முழுக்க உட்கார்ந்திருக்கும் ஓட்டுநர்களையும் மாடிப்படி ஏறி இறங்கிச் சீட்டுக் கொடுக்கும் நடத்துநர்களையும் அவர் ஒப்பிட்டார். ஒரே நிறுவனம், ஒரே பேருந்து, ஆனாலும் மாரடைப்பு நடத்துநர்களுக்குத் தெளிவாகக் குறைவு. நடத்துநர்கள் தங்கள் வேலையைத்தான் செய்தார்கள்.

சரி, அசைவதால் உள்ளே என்னதான் நடக்கிறது? சோறு செரித்துச் சர்க்கரையாக ரத்தத்தில் ஏறும்போது அதில் பெரும்பங்கை எடுத்துக்கொள்ளும் இடம் தசைதான். சும்மா உட்கார்ந்திருக்கும்போது தசை அந்தச் சர்க்கரையை எடுக்க இன்சுலின் வேண்டும், இனிப்புநீர் நெருங்கும் உடம்பில் அந்த இன்சுலினுக்குத் தசை சரியாகச் செவிசாய்ப்பதில்லை. ஆனால் நடக்கும்போது சுருங்கி விரியும் தசை இன்சுலினின் தயவு இல்லாமலேயே சர்க்கரையை உள்ளே இழுத்துக்கொள்ளும். அதனால்தான் சாப்பிட்ட சிறிது நேரத்துக்குள் பத்துப் பதினைந்து நிமிடம் நடந்தால், அப்போது ஏறவிருந்த சர்க்கரை அந்த அளவுக்கு ஏறாது. மூச்சு வாங்க ஓட வேண்டியதில்லை, பக்கத்தில் நடப்பவரோடு பேசிக்கொண்டே போகலாம். இத்தனை எளிதாக, காசு செலவில்லாமல், அன்றைக்கே பலன் தரும் வேறு எதையும் எனக்குத் தெரியாது, அதனால் எங்கிருந்து தொடங்குவது என்று யார் கேட்டாலும் இரவுச் சாப்பாட்டுக்குப் பிறகான நடையிலிருந்து என்றுதான் சொல்வேன்.

"நடந்து என்ன, எடையே இறங்கலியே" என்று விட்டுவிடுகிறவர்கள் சென்னையில் நடந்த ஆய்வைப் பற்றித் தெரிந்துகொள்ள வேண்டும். மருத்துவர் அ. ராமச்சந்திரன் குழுவினர் 2006இல் வெளியிட்டது. இனிப்புநீரின் வாசலில் நின்றுகொண்டிருந்த 531 பேரை எடுத்துக்கொண்டு மூன்று ஆண்டுக் கணக்குப் பார்த்தார்கள். வழக்கமான அறிவுரை மட்டும் பெற்றவர்களில் 55 விழுக்காட்டினருக்கு நோய் வந்துவிட்டது. நடைக்கும் உணவுக்கும் தொடர்ந்து வழிகாட்டப்பட்டவர்களில் 39 விழுக்காட்டினருக்குத்தான் வந்தது. இதில் கவனிக்க வேண்டியது, இரண்டாவது குழுவினரின் எடை சொல்லிக்கொள்ளும்படி குறையவே இல்லை. எடைக் கருவியில் முள் அசையாவிட்டாலும் உள்ளே வேலை நடந்துகொண்டுதான் இருந்திருக்கிறது. அமெரிக்காவில் 2002இல் வெளியான இதே மாதிரியான பெரிய ஆய்வில், வெற்று மாத்திரையும் வழக்கமான அறிவுரையும் மட்டும் பெற்ற குழுவில் மூன்று ஆண்டில் நோய் வந்தவர்கள் 29 விழுக்காடு அளவுக்குத்தான். 55க்கும் 29க்கும் உள்ள இடைவெளியைப் பாருங்கள். நம்மவர்களுக்கு எவ்வளவு வேகமாக வருகிறது, அப்போ எவ்வளவு முன்கூட்டியே தொடங்க வேண்டும் என்பது புரியும்.

எவ்வளவு நேரம் அசைய வேண்டும் என்பதற்கு உலகச் சுகாதார நிறுவனம் 2020இல் சொன்ன அளவு: வாரத்துக்கு 150 முதல் 300 நிமிடம் மிதமான அசைவு, கூடவே வாரத்தில் இரண்டு நாளாவது தசைக்கு வலுவூட்டும் பயிற்சி. தொடர்ந்து பத்து நிமிடமாவது செய்தால்தான் கணக்கில் சேரும் என்று முன்பு இருந்த நிபந்தனையையும் எடுத்துவிட்டார்கள், மாடிப்படி ஏறும் இரண்டு நிமிடமும் கணக்குத்தான். ஒரு நாளைக்குப் பத்தாயிரம் அடி என்ற எண்ணைப் பிடித்துக்கொண்டு தவிக்காதீர்கள். அது 1960களில் ஜப்பானில் விற்ற ஒரு நடைமானிக்கு வைத்த பெயரிலிருந்து வந்தது, ஆய்விலிருந்து வந்ததில்லை. அமெரிக்காவில் வயதான பெண்களிடம் நடத்தி 2019இல் வெளியிட்ட ஆய்வில், 4,400 அடி அளவுக்கு நடந்தவர்களிடமே இறப்பு அபாயம் தெளிவாகக் குறைந்திருந்தது, 7,500க்கு மேல் பெரிய கூடுதல் பலன் தெரியவில்லை.

தெரிந்துகொள்வது இவ்வளவுதான். கஷ்டமெல்லாம் அதைத் தினமும் செய்வதில்தான் இருக்கிறது, இங்கேதான் மன உறுதியைப் பற்றிய நம் எண்ணம் நம்மைக் கெடுக்கிறது. இங்கிலாந்தில் 2002இல் வெளியான ஒரு சோதனையில் பல்கலைக்கழக மாணவர்களை மூன்று குழுவாகப் பிரித்தார்கள். ஒரு குழுவைச் சும்மா விட்டார்கள். இன்னொரு குழுவுக்கு உடற்பயிற்சி செய்யாவிட்டால் இதயம் என்ன ஆகும் என்று படிக்கக் கொடுத்து ஊக்கப்படுத்தினார்கள். மூன்றாவது குழுவுக்கு அதையும் கொடுத்து, கூடவே "எந்த நாள், எந்த நேரம், எந்த இடம்" என்று எழுதச் சொன்னார்கள். அடுத்த வாரத்தில் உடற்பயிற்சி செய்தவர்கள் முதல் இரண்டு குழுக்களிலும் பத்துக்கு நான்கு பேருக்கும் குறைவு, எழுதிய குழுவில் பத்துக்கு ஒன்பது பேர். பயமுறுத்தியதால் ஒரு பயனும் இல்லை, நேரத்தையும் இடத்தையும் முடிவு செய்ததால்தான் கால் நகர்ந்தது. உளவியல் ஆய்வாளர் பீட்டர் கோல்விட்சர் இதைத்தான் பல ஆண்டுகளாகச் சொல்லிவருகிறார். "நாளையிலிருந்து நடப்பேன்" என்ற முடிவு நிற்காது, "இரவுத் தட்டைக் கழுவி வைத்ததும் செருப்பை மாட்டிக்கொண்டு கீழே இறங்குவேன்" என்பது நிற்கும். தட்டு கழுவுவது எப்படியும் நடக்கும், அதன் வாலைப் பிடித்துக்கொண்டு நடையும் வந்துவிடும்.

21 நாளில் பழக்கம் வந்துவிடும் என்று வாட்ஸ்அப்பில் சுற்றுவதை நம்பி, 22ஆவது நாளும் சலிப்பாக இருக்கிறதே என்று மனம் உடையாதீர்கள். லண்டன் பல்கலைக்கழகக் கல்லூரியில் பிலிப்பா லாலியும் அவர் குழுவும் 96 பேரைப் பின்தொடர்ந்து பார்த்ததில், ஒரு புதிய செயல் யோசிக்காமலேயே நடக்கும் நிலைக்கு வரச் சராசரியாக 66 நாள் ஆனது. ஒருவருக்கு 18 நாள், இன்னொருவருக்கு 254 நாள் என்கிற அளவுக்கு ஆளுக்கு ஆள் வேறுபாடு. தண்ணீர் குடிப்பது போன்றவை சீக்கிரம் ஊறின, உடற்பயிற்சிக்கு அதைப்போல ஒன்றரை மடங்கு காலம் பிடித்தது. இடையில் ஒரு நாள் விட்டவர்களுக்கு அதனால் பெரிய பாதிப்பு இல்லை என்பதையும் அதே ஆய்வு காட்டியது. தைப்பூசத்துக்கு இரண்டு நாள் போய்விட்டது, சரி, மூன்றாவது நாள் தட்டைக் கழுவிவிட்டு இறங்குங்கள், அவ்வளவுதான்.

நேரத்தை முடிவு செய்யும்போது நம் ஊரைப் பார்த்து முடிவு செய்ய வேண்டும். "காலையில் எழுந்து நட" என்று எல்லாப் புத்தகமும் சொல்லும். ஆனால் தீபகற்ப மலேசியா 1982 ஜனவரி 1 முதல் கடிகாரத்தை அரைமணி முன்னே தள்ளிவைத்ததிலிருந்து பினாங்கில் சூரியன் ஏழு மணிக்கு மேல்தான் வருகிறது, எட்டு மணிக்கு வேலையில் இருக்க வேண்டியவருக்குக் காலை நடை என்றால் இருட்டில் நடைதான். பிள்ளையைப் பள்ளிக்கு அனுப்பும் அம்மாவுக்குக் காலை என்ற ஒன்றே கிடையாது. அதே கடிகாரம் மாலையில் ஏழு மணி தாண்டியும் வெளிச்சம் தருகிறது, அப்போது வெயிலும் தணிந்திருக்கும். அதனால் நம் ஊரில் வேலைக்குப் போகிறவர்களுக்கு மாலைதான் வசதி என்பது என் எண்ணம். ஆண்டின் கடைசி மாதங்களில் மாலை மழை வந்து கெடுக்கும், அதற்கு இரண்டாவது இடம் ஒன்றை இப்போதே சொல்லி வைத்துக்கொள்ளுங்கள், "மழை வந்தால் அடுக்குமாடி நடைவழியில் இந்தக் கோடியிலிருந்து அந்தக் கோடி வரை" என்று. குவீன்ஸ்பே மாலுக்குள் குளிர்சாதனத்தில் கடை கடையாக நடந்தாலும் கால் வேலை செய்கிறது. வார இறுதியில் நேரம் இருப்பவர்களுக்குத் தாவரவியல் பூங்கா இருக்கிறது, இளையோர் பூங்கா இருக்கிறது, கர்னி டிரைவ் கடற்கரை இருக்கிறது. பூங்காவுக்குப் போனால் பையில் தின்பண்டம் வேண்டாம், குரங்குகள் விடாது. கால் வலுவாக இருப்பவர்கள் தண்ணீர்மலைக் கோயிலின் 513 படிகளை ஏறலாம், அது நடையும் வலுப்பயிற்சியும் சேர்ந்த ஒன்று, ஆனால் முழங்கால் வலி உள்ளவர்கள் இறங்கும்போது கைப்பிடியை விடக்கூடாது.

அப்புறம் சாப்பாடு. பினாங்கில் இருந்துகொண்டு நாசி கண்டாரை விடச் சொல்வது நடக்காத காரியம், அதைச் சொல்லவும் மாட்டேன். ஆனால் அந்த முகப்பில் என்ன நடக்கிறது என்று கவனியுங்கள். முதலில் தட்டில் சோறு விழுகிறது, ஒரு மலை அளவு. அதற்குப் பிறகுதான் நாம் கறியைக் கைகாட்டத் தொடங்குகிறோம், கடைசியில் எல்லாக் குழம்பும் ஒன்றன்மேல் ஒன்றாக ஊற்றப்பட்டுச் சோறு மிதக்கிறது. வரிசையில் நம் முறை வந்ததும், கரண்டி சோற்றுக்குள் போவதற்கு முன்பே, "அண்ணே, சோறு பாதி போதும், வெண்டிக்காயும் கோசும் கூட வைங்க, குழம்பு ஓரமா" என்று சொல்லிவிட்டால் பாதி வேலை முடிந்தது. சோறு விழுந்த பிறகு திருப்பி எடுக்கச் சொல்ல யாருக்கும் வாய் வராது. தட்டு கைக்கு வந்ததும் முதலில் காய், அடுத்து மீனோ கோழியோ, சோறு கடைசியில் என்று சாப்பிட்டால் சர்க்கரை மெல்ல ஏறும். சுகாதார அமைச்சு சொல்லும் தட்டும் இதேதான்: கால் பங்கு சோறு, கால் பங்கு மீன், கோழி, முட்டை, பருப்பு போன்றவை, மீதி அரைப் பங்கு காயும் பழமும்.

குடிப்பது இன்னும் முக்கியம், ஏனென்றால் அதை நாம் சாப்பாடாகவே எண்ணுவதில்லை. தே தாரிக்கில், அதாவது ஆற்றித் தரும் பால் தேநீரில், ஊற்றும் கெட்டிப் பாலில் எடைக்குப் பாதிக்கு நெருக்கமாகச் சர்க்கரைதான். பசியாற ஒன்று, பத்து மணிக்கு ஒன்று, மாலை நாலு மணிக்கு ஒன்று, இரவு பந்து விளையாட்டுப் பார்க்கும்போது ஒன்று. இனிப்பைக் குறைத்துக் கேட்டாலும் அந்தப் பால்தான் வரும், அளவுதான் கொஞ்சம் குறையும். முதல் வாரம் ஒரே ஒரு வேளையை மட்டும், பத்து மணிக் குவளையை மட்டும், தே ஓ கோசோங்காகவோ (பாலும் சர்க்கரையும் இல்லாதது) தே சி கோசோங்காகவோ (இனிப்பில்லாத பால் மட்டும் சேர்த்தது) மாற்றிப் பாருங்கள். முதலில் நாக்கு முரண்டு பிடிக்கும். ஆனால் சில வாரங்களில் பழைய தே தாரிக்கைக் குடித்தால் திகட்டும், நாக்கு அப்படித்தான் பழகும். அரசாங்கமும் 2019 ஜூலையில் இனிப்புப் பானங்களுக்கு லிட்டருக்கு 40 காசு வரி போட்டது, ஆனால் அது டின்னிலும் போத்தலிலும் வருவதற்குத்தான், மாமாக் கடையில் ஆற்றித் தரும் குவளைக்கு வரியும் இல்லை, சர்க்கரை அளவு போட்ட அட்டையும் இல்லை.

வலுப்பயிற்சி என்றதும் நம் பெண்கள், அதிலும் ஐம்பதைத் தாண்டிய அக்காமார்கள், "அதெல்லாம் பையன்களுக்கு" என்று ஒதுங்கிவிடுகிறார்கள். மிகவும் தேவைப்படுவது அவர்களுக்குத்தான். வயது ஏற ஏறத் தசை கரைகிறது, பெண்களுக்கு மாதவிடாய் நின்ற பிறகு எலும்பும் சேர்ந்து மெலிகிறது. தரையிலிருந்து எழுந்திருக்கக் கை ஊன்ற வேண்டியிருக்கிறது என்றால் தொடைத் தசை போய்க்கொண்டிருக்கலாம். ஜிம் வேண்டாம், சாப்பாட்டு மேசை நாற்காலி போதும். சுவரோடு ஒட்டிப் போடுங்கள், நழுவக் கூடாது. நுனியில் உட்கார்ந்து, பாதங்களைத் தோள் அகலத்துக்கு வைத்து, கைகளை மார்பில் கட்டிக்கொண்டு, உடம்பைக் கொஞ்சம் முன்னே சாய்த்து எழுந்திருங்கள். எழுவதைவிட உட்காரும்போதுதான் வேலை இருக்கிறது: தொப்பென்று விழாமல், மனத்துக்குள் மூன்று எண்ணி மெல்ல இறங்குங்கள். முழங்கால் இரண்டும் உள்பக்கம் சாயக் கூடாது. பத்துத் தடவை முடிந்தால் சற்று ஓய்ந்து இன்னொரு பத்து. கையை ஊன்றினால்தான் முடிகிறது என்றால் ஊன்றிக்கொண்டே தொடங்குங்கள், தப்பில்லை. நாடகம் பார்க்கும்போது விளம்பரம் வந்தால் எழுந்து உட்காருவது என்று முடிவு செய்துகொண்டால் அதற்கென்று தனி நேரமே தேவையில்லை.

தூக்கத்தை யாரும் கணக்கில் எடுப்பதில்லை. பெரியவர்களுக்கு ஏழு மணி நேரமாவது வேண்டும், குறைந்தால் மறுநாள் பசி கூடும், அதுவும் இனிப்பும் எண்ணெயும் கேட்கும் பசி. பாயான் லெப்பாஸிலும் பிறையிலும் இரவு ஷிப்ட் பார்ப்பவர்களுக்கு இது பெரிய சோதனை. அவர்களிடம் போய் "சீக்கிரம் தூங்குங்க" என்பது அர்த்தமில்லாத பேச்சு. அறையை நன்றாக இருட்டாக்குவது, வீடு திரும்பும் முன் வயிறு நிறையச் சாப்பிடாமல் இருப்பது, பகல் தூக்கத்தை வீட்டில் உள்ளவர்கள் மதிப்பது, இவைதான் கைக்கு எட்டும் காரியங்கள். புகைப்பிடிப்பவர்கள் மேலே சொன்ன எல்லாவற்றுக்கும் முன்னால் அதை விட முயல வேண்டும், அரசாங்கச் சுகாதார மருந்தகங்களில் (கிளினிக்) அதற்கு ஆலோசனையும் உதவியும் கிடைக்கிறது.

ஒருவர் மட்டும் மாறுவது கடினம், வீட்டில் அடுப்பு ஒன்றுதான். அப்பாவுக்கு மட்டும் தனிச் சாப்பாடு என்றால் அது தண்டனை மாதிரி ஆகிவிடும், இரண்டு வாரம்கூட நிற்காது. எண்ணெயையும் உப்பையும் எல்லாருக்கும் சேர்த்துக் குறைத்துவிடுங்கள். உப்பு ஒரு நாளைக்கு ஓர் ஆளுக்கு 5 கிராமுக்குக் கீழே, அதாவது ஒரு சிறு கரண்டி, அதில் கருவாடும் ஊறுகாயும் கிச்சாப்பும் அடக்கம். இரவு நடைக்கு மனைவியோ மகனோ பக்கத்து வீட்டு அங்கிளோ கூட வந்தால், வராத நாளில் அவர்கள் கதவைத் தட்டுவார்கள்.

எங்கே நிற்கிறோம் என்று தெரியாமல் எதையும் தொடங்க வேண்டாம். அரசாங்கச் சுகாதார மருந்தகத்தில் குடிமக்களுக்கு ஒரு வெள்ளிதான் கட்டணம். 40 வயதுக்கு மேற்பட்ட, அரசாங்க உதவித்தொகை பெறும் குறைந்த வருமானக் குடும்பத்தாருக்குப் பெக்கா பி40 திட்டத்தில் பரிசோதனை இலவசம், நம்மில் பலர் தகுதி இருந்தும் போவதில்லை. வெறும் வயிற்றுச் சர்க்கரை 7.0 மில்லிமோல் அல்லது அதற்கு மேல் என்றால் அது இனிப்புநீரின் எல்லை, உறுதிப்படுத்த மருத்துவர் மீண்டும் பார்ப்பார். அதோடு மூன்று மாதச் சராசரி காட்டும் எச்பிஏ1சி பரிசோதனையையும் கேளுங்கள். பரிசோதனைக்கு முந்தின இரண்டு நாள் பத்தியம் இருந்து அதை ஏமாற்ற முடியாது. அந்தத் தாளைப் பத்திரமாக வைத்து, அடுத்த தடவை எடுப்பதோடு ஒப்பிடுங்கள்.

ஏற்கெனவே இன்சுலின் போடுபவர்களும் சர்க்கரையை இறக்கும் மாத்திரை சாப்பிடுபவர்களும் நடையைக் கூட்டும் முன் மருத்துவரிடம் சொல்லிவிட வேண்டும், மருந்தின் அளவை அவர் மாற்ற வேண்டியிருக்கலாம். நடக்கும்போது சட்டைப் பையில் இரண்டு மிட்டாய் இருக்கட்டும், கை நடுங்கி வியர்த்துத் தலை சுற்றினால் உடனே வாயில் போட்டுக்கொண்டு உட்கார வேண்டும். பாதத்தில் உணர்ச்சி குறைந்தவர்கள் சப்பாத்து இல்லாமல் நடக்கவே கூடாது, திரும்பி வந்ததும் விரல் இடுக்கையும் அடிப்பாதத்தையும் வெளிச்சத்தில் பார்த்துவிட வேண்டும். நெஞ்சில் அழுத்தம், கைக்கோ தாடைக்கோ பரவும் வலி, வழக்கமில்லாத மூச்சுத்திணறல் வந்தால் வீட்டுக்குப் போய்ப் பார்த்துக்கொள்ளலாம் என்று நினைக்காமல் அங்கேயே உட்கார்ந்து 999க்கு அழையுங்கள்.